பென்சிலில் எழுதிய நான்கு

நான் ஒருமுறை ஒரு பென்சில் குறிப்பை அழிறப்பரால் அழித்தேன். அந்தக் குறிப்பு சரியானது. அதை எழுதியவர் என் நண்பர். அது அழிந்ததால் என் பிழை அவருடைய பிழையாயிற்று. அவருடைய குடும்பம் யாழ்ப்பாணம் திரும்புவதும் அதோடு நின்றுபோயிற்று. கைதவறிச் செய்த காரியம் அல்ல அது. ஆசிரியர் அறைக் கதவைச் சாத்திவிட்டு, யோசித்துச் செய்தேன்.

முப்பத்திரண்டு வருடம் உயர்தர வகுப்புக்கு இணைந்த கணிதம் படிப்பித்தேன். அதன் பின் மூன்று வருடம் ஆசிரிய ஆலோசகராக இருந்தேன். இப்போது கணிதம் படிப்பிக்கும் இளைய ஆசிரியர்கள் என் அனுபவங்களை எழுதித் தரும்படி கேட்டார்கள். சொல்லக்கூடிய நல்ல சம்பவங்கள் என்னிடம் சில இருக்கின்றன. இதை எழுதாமல் அவற்றை எழுதினால் அது பொய்க் கணக்கு.

1. சோசரின் கீழ் ஒரு துண்டு

ரகீம் எங்கள் பாடசாலைக்கு வந்தது போர் முடிந்து பாதை திறந்த பிறகு. அவர் இந்த நகரத்தில் பிறந்து படித்தவர். தொண்ணூறாம் ஆண்டு, போரின்போது, யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் எல்லோரும் வெளியேற்றப்பட்டபோது, உடுத்த உடுப்போடு புத்தளத்துக்குப் போனவர். அங்கேயே ஆசிரியரானார், கலியாணம் செய்தார், இரண்டு பெண்பிள்ளைகளுக்குத் தகப்பனானார். எங்கள் பாடசாலையில் உயர்தரக் கணிதத்துக்கு ஆள் பற்றாக்குறை என்று கேள்விப்பட்டு, தற்காலிக இணைப்பு நியமனத்தில் தனியாக வந்திருந்தார். இணைப்பு நிரந்தரமானால் மனைவியையும் பிள்ளைகளையும் கூட்டிவருவது திட்டம்.

எங்கே தங்கியிருக்கிறீர் என்று முதல் நாள் கேட்டேன்.

"சோனக தெருவிலை ஒரு அறை அண்ணை. எங்கடை பழைய வீட்டு வளவு பக்கத்திலைதான். வளவிலை இப்ப ஒரு கிணறும் ஒரு சுவரும் கிடக்கு. கிணறு நல்ல கிணறு" என்றார்.

சுவரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. அவரும் சிரித்தார். அன்றே எங்களுக்குள் ஒத்துப்போயிற்று.

அவர் என்னைவிட எட்டு வயது இளையவர். ஆசிரியர் அறையில் என் மேசைக்கு எதிர்மேசை அவருக்குக் கிடைத்தது. வெள்ளிக்கிழமைகளில் அவர் ஜும்ஆத் தொழுகைக்குப் போகும்போது அவருடைய பாடத்தை நான் எடுப்பேன். அன்று எனக்கு மரக்கறி என்பதால், திரும்பி வந்து என் பக்கத்தில் சாப்பிடும்போது அவர் மீன் கறியைத் திறக்கமாட்டார். பாணும் சம்பலும் வாங்கி வருவார். நான் ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லை.

இடைவேளையில் எங்களுக்கு ஒரு விளையாட்டு இருந்தது. கழிந்த விடைத்தாளின் பின்பக்கத்தில் ஒரு கணக்கை எழுதி மடித்து, மற்றவரின் தேத்தண்ணிக் கோப்பைச் சோசரின் கீழ் வைக்கவேண்டும். கோப்பை வெறுமையாகும் முன் விடை வரவேண்டும். வராவிட்டால் அடுத்த நாள் தேத்தண்ணி தோற்றவர் செலவு. ரகீம் மிக மெதுவாகக் குடிப்பார். ஒருநாள் விடை கண்டுபிடிக்கும்வரை குளிர்ந்த தேத்தண்ணியை அரை மிடறு மிச்சம் வைத்துக்கொண்டு, மணி அடித்த பிறகும் கோப்பையைக் கையில் பிடித்தபடி வகுப்புக்கு நடந்தார். பிள்ளைகள் அதைப் பார்த்துச் சிரித்ததை அவர் கவனிக்கவில்லை.

இன்றைக்கும் காலையில் தேத்தண்ணி குடிக்கும்போது சோசரை ஒருமுறை தூக்கிப் பார்க்கிறேன். என் மனைவி பார்த்துவிட்டால், எறும்பு என்று சொல்லிச் சமாளிப்பேன்.

2. ஐந்தை இருபத்தைந்தாக்கினேன்

எங்கள் கல்வி வலயத்தில் பன்னிரண்டாம் தரத் தவணைப் பரீட்சைக்குப் பல பாடசாலைகளுக்கும் ஒரே தாள்தான். ஒருவர் வினாவும் விடைகளுக்கான புள்ளித் திட்டமும் எழுதுவார், இன்னொருவர் மீள்பார்ப்பார். அந்தத் தவணை எழுதியது நான், மீள்பார்த்தது ரகீம்.

தாள் எழுதுகிறவர்களுக்கு ரியூட்டரி என்கிற தனியார் வகுப்புகள் பெரிய தலையிடி. பழைய தாள்களை எல்லாம் விடையோடு அச்சடித்து வைத்திருப்பார்கள். பிள்ளைகள் அவற்றை மனப்பாடம் செய்துகொண்டு வருவார்கள். அதனால் நாங்கள் ஒரு வழி வைத்திருந்தோம். பழைய கணக்கை எடுத்து ஓர் எண்ணை மட்டும் மாற்றிவிடுவோம். பார்த்தால் பழைய கணக்குப் போலவே இருக்கும். மனப்பாடம் செய்தவன் மாட்டிக்கொள்வான்.

என்னுடைய பழைய கணக்கு f(x) = √(x² − 6x + 5). இதன் ஆட்சியும் வீச்சும் என்ன? எந்த x-களைப் போடலாம் என்பது ஆட்சி, போட்டால் என்னென்ன விடை வரும் என்பது வீச்சு. உள்ளே இருப்பதை (x − 3)² − 4 என்று எழுதலாம். அது மறையாகவும், அதாவது பூச்சியத்துக்குக் கீழும், போகும் என்பதால், மறையாகாத x-களை மட்டும்தான் எடுக்கலாம். எடுத்தால் உள்ளே பூச்சியமும் வரும், பூச்சியத்துக்கு மேல் எதுவும் வரும். ஆகவே வீச்சு பூச்சியத்திலிருந்து மேலே.

நான் 5-ஐ 25 ஆக்கினேன். இப்போது உள்ளே இருப்பது (x − 3)² + 16. எந்த x-ஐப் போட்டாலும் அது மறையாகாது. ஆட்சி எல்லா மெய்யெண்களும். அதைப் புள்ளித் திட்டத்தில் சரியாகவே மாற்றினேன். அடுத்த வரியில் பழைய விடை இருந்தது: வீச்சு பூச்சியத்திலிருந்து. வர்க்கமூலம் பூச்சியத்துக்குக் கீழே போகாது என்பது கையில் ஊறிய வசனம். அதைப் பார்த்ததும் மனது சரி என்று சொல்லிவிட்டது. ஆனால் உள்ளே இருப்பது பதினாறுக்குக் கீழே இறங்காது. ஆகவே வெளியே நான்குக்குக் கீழே இறங்காது. வீச்சு நான்கிலிருந்து. பிள்ளைகளைப் பிடிக்க வைத்த பொறியில் நானே விழுந்தேன்.

ஆசிரியர்களுக்குள் இன்னொரு வழக்கமும் இருந்தது. மூத்தவரின் தாளில் இளையவர் பேனை வைப்பதில்லை. பிழை கண்டால் ஓரத்தில் பென்சிலால் மெல்லிதாகக் குறித்துக் கொடுப்பார். மூத்தவர் அதைப் பார்த்து, தன் பேனையால் தானே திருத்திவிட்டு, பென்சிலை அழித்துவிடுவார். பிழை விட்டவரும் கண்டவரும் அவரே என்று ஆகிவிடும். ஒருவருக்கும் முகம் சுருங்காது.

வியாழக்கிழமை பின்னேரம் ரகீம் உறையைத் தந்தார். தரும்போது, "அண்ணை, கடைசிப் பக்கத்தை ஒருக்காப் பாருங்கோ" என்றார்.

ஓம் என்றேன். பார்க்கவில்லை. முப்பது வருடம் என் தாளில் எவரும் பிழை கண்டதில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. வினாத்தாளும் திட்டமும் அடுத்த நாள் அச்சுக்குப் போயின. கையெழுத்துப் பிரதி என் அலுமாரிக்குத் திரும்பி வந்தது.

3. அழிறப்பர்

விடைத்தாள்கள் திருத்தி முடிந்த பிறகு, குருநகர்ப் பக்கத்துப் பாடசாலை ஒன்றின் கணித ரீச்சர் வலயக் கல்விக் கந்தோருக்கு ஒரு கடிதம் எழுதினார். தன்னுடைய பிள்ளைகள் ஏழு பேர் நான்கிலிருந்து என்று எழுதியதற்குப் பிழை போடப்பட்டிருக்கிறது, பூச்சியம் என்று எழுதியவர்களுக்குச் சரி போடப்பட்டிருக்கிறது என்று, ஏழு விடைத்தாள்களையும் இணைத்திருந்தார். உதவிக் கல்விப் பணிப்பாளர் எனக்குத் தொலைபேசி எடுத்து, புதன்கிழமை ரகீமோடு வரும்படியும், கையெழுத்துப் பிரதியைக் கொண்டுவரும்படியும் சொன்னார்.

பாடசாலை விட்டு எல்லோரும் போனபின் அலுமாரியைத் திறந்தேன். கடைசிப் பக்கத்தில், என் நீல எழுத்துக்குப் பக்கத்தில், சின்னதாகப் பென்சிலில் இருந்தது: (x − 3)² + 16, ஆகவே 4 இலிருந்து? கடைசியில் அந்தக் கேள்விக்குறி. தனக்குச் சந்தேகம் இருப்பது போல ஒரு மரியாதைக்காகப் போட்ட கேள்விக்குறி அது. ரகீமுக்கு அதில் ஒரு சந்தேகமும் இருந்திருக்காது.

அந்த மாதம் ஆசிரிய ஆலோசகர் பதவிக்கு என் பெயர் போயிருந்தது. பதவிக்காகத்தான் செய்தேன் என்று சொன்னால் பாதி உண்மை. மற்றப் பாதி வெட்கம். பிழைவிடாத மாஸ்டர் என்று ஊரே சொன்ன ஆள், பிழை விட்டது மட்டுமல்ல, சொல்லியும் பார்க்காதவன் என்று தெரிந்துவிடும். இன்னொன்றையும் எழுதவேண்டும். பழியை ரகீமின் மேல் போட்டால் ஒருவரும் தோண்டிக் கேட்கமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். அவர் வந்து ஒன்றரை வருடம். அவருக்காகக் கதைக்க அந்தக் கந்தோரில் ஒருவரும் இல்லை. அவர் ஏன் அப்படித் தனியனானார் என்பது இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். அந்தத் தனிமையை நான் பயன்படுத்திக்கொண்டேன்.

கதவைச் சாத்தினேன். நல்ல அழிறப்பர் அது. தடம் தெரியாமல் அழிந்தது.

4. வலயக் கந்தோர்

உதவிக் கல்விப் பணிப்பாளர் கெட்ட மனிதர் அல்ல. ஏழு பிள்ளைகளின் புள்ளிகளையும், மற்றப் பாடசாலைகளில் அப்படிப் பாதிக்கப்பட்டவர்களின் புள்ளிகளையும் அன்றே திருத்தச் சொல்லிவிட்டார். பிறகு எங்கள் இருவரையும் பார்த்து, பிழை நடப்பதுதான், ஆனால் இரண்டு பேர் பார்த்த தாளில் எப்படி நடந்தது என்று கேட்டார்.

"பழைய தாளைப் பாத்து எழுதினது சேர். அதுக்காகத்தானே மீள்பார்வைக்குக் குடுக்கிறது. ஒரு குறிப்பும் இல்லாமல் திரும்பி வந்தது" என்றேன்.

ரகீம் என் பக்கம் திரும்பவில்லை. பணிப்பாளரைப் பார்த்தே சொன்னார். "இல்லை சேர். நான் கடைசிப் பக்கத்திலை பென்சிலாலை எழுதினனான். எடுத்துப் பாருங்கோ."

அவர் எடுத்துப் பார்த்தார். சுத்தமாக இருந்தது. தாளை ரகீமிடம் நீட்டினார். ரகீம் அதை வாங்கி யன்னல் வெளிச்சத்தில் சரித்துப் பிடித்தார். பெருவிரலால் அந்த ஓரத்தை ஒருமுறை தடவினார். பென்சில் அழிந்தாலும் அது அழுத்திய பள்ளம் அழியாது. கணித ஆசிரியர் எவருக்கும் இது தெரியும், பிள்ளைகளின் விடைத்தாள்களில் தினமும் பார்க்கிற விசயம்.

பிறகு என்னைப் பார்த்தார். நான் மேசையில் தாள்களின் மேல் இருந்த கண்ணாடிப் பாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நான் வேறை தாளிலை எழுதிப்போட்டன் போலை கிடக்கு, சேர்" என்றார் ரகீம். "மன்னிக்கோணும்."

"உமக்கு இஞ்சை இணைப்புத் தந்ததே உயர்தரக் கணிதத்துக்காகத்தான். அதையே கவனமாப் பாக்காட்டில் நாங்கள் என்ன செய்யிறது?" என்று பணிப்பாளர் கேட்டார். ரகீம் தாளை மேசையில் வைத்தார்.

வெளியே வந்து ரகீம் தன் சைக்கிளை எடுக்கும்போது எனக்கு ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். ஏசினால் நல்லது என்றுகூட நினைத்தேன். அவர் வானத்தைப் பார்த்தார்.

"மழை இருட்டிக்கொண்டு வருது. பண்டத்தரிப்பு பஸ்ஸைப் பிடிச்சு வீட்டை போங்கோ அண்ணை" என்றார்.

அதன் பிறகு சோசரின் கீழ் துண்டு வரவில்லை. நானும் வைக்கவில்லை.

5. ஓடுகள்

அடுத்த தவணையே அவரிடமிருந்து உயர்தர வகுப்பை எடுத்து, ஆறாம் ஏழாம் தரங்களைக் கொடுத்தார்கள். உயர்தரக் கணிதத்துக்கு வந்தவருக்கு உயர்தரக் கணிதம் இல்லையென்றால் இணைப்பு எதற்கு? வருட முடிவில் அது புதுப்பிக்கப்படவில்லை. மார்கழி விடுமுறையில் ஒரு பெட்டியோடு புத்தளம் பஸ் ஏறினார் என்று அதிபர்தான் எனக்குச் சொன்னார்.

தை மாதம் ஒருநாள் சோனக தெருவால் போனேன். அவருடைய வளவில் கிணற்றுக்குப் பக்கத்தில் அவர் கட்டத் தொடங்கியிருந்த புதுச் சுவர்கள் தோளளவு எழும்பி நின்றன. சுவரோரமாகப் புது ஓடுகள் ஒழுங்காக அடுக்கிக் கிடந்தன, மேலே ஒரு தென்னோலைக் கிடுகு போட்டு மூடி. பிள்ளைகள் வரும் முன் கூரை போடவேண்டும் என்று வாங்கி வைத்தவை. கிடுகு காற்றில் ஒரு பக்கம் கிளம்பியிருந்தது. உள்ளே போய் அதைச் சரியாக்கிவிட்டு வந்தேன். அன்று என்னால் செய்ய முடிந்தது அவ்வளவுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய். கந்தோர் அங்கேயிருந்து பத்து நிமிட நடை.

ஆலோசகர் பதவி கிடைத்தது. மூன்று வருடம் பாடசாலை பாடசாலையாகப் போய் ஆசிரியர்களுக்கு வர்க்கமூலச் சார்பின் வீச்சைக் கண்டுபிடிக்கும் முறையைச் சொல்லிக்கொடுத்தேன். வெளியே நிற்கும் வர்க்கமூலக் குறியை நம்பாதீர்கள், உள்ளே இருப்பது எவ்வளவு சிறியதாகலாம் என்று முதலில் பாருங்கள் என்பேன். உதாரணமாக அதே கணக்கைத்தான் போடுவேன். பலகையில் 4 என்று எழுதும்போதெல்லாம், பின்வரிசை வாங்கில் ரகீம் கோப்பையோடு இருப்பதாக ஒரு நினைப்பு வரும். திரும்பிப் பார்க்கமாட்டேன்.

6. புத்தளம்

போன வருடம் இதய அடைப்புக்கு என் நெஞ்சில் ஒரு குழாய் வைத்தார்கள். வைத்தியசாலையிலிருந்து வந்ததும் முதல் வேலையாக, பென்சில் குறிப்பை அழித்ததைச் சொல்லி வலயக் கந்தோருக்கு ஒரு கடிதம் எழுதி நேரே கொண்டுபோனேன். பழைய பணிப்பாளர் காலமாகிவிட்டார். அந்தக் கதிரையில் இருந்த இளைஞர் கடிதத்தை மரியாதையாக வாசித்தார். அந்தக் கோப்பு இப்போது இல்லை, கறையான் தின்றுவிட்டது, இதில் தாங்கள் செய்ய ஒன்றும் இல்லை என்றார். பிரதியில் கிடைத்ததென்று ஒரு முத்திரையாவது குத்தித் தாரும் என்று கேட்டேன். குத்தித் தந்தார்.

சோனக தெருக் கடை ஒன்றில் விசாரித்து, ரகீமின் தொலைபேசி எண்ணை எடுத்தேன். வரட்டா என்று கேட்டேன். எந்தச் சந்தியில் இறங்கவேண்டும் என்று விளக்கமாகச் சொன்னார்.

வீட்டில் அவரும் மனைவியும் மட்டும். பிள்ளைகள் இருவரும் கலியாணம் செய்து அங்கேயே இருக்கிறார்கள். அவருடைய தாடி முழுக்க வெளுத்துவிட்டது. மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, "இவர் உங்களைப்பற்றி நிறையச் சொல்லியிருக்கிறார் சேர். எல்லாம் நல்லதாத்தான்" என்றார். கடிதத்தின் பிரதியை ரகீமிடம் நீட்டினேன்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் வாசித்தார். விடைத்தாள் திருத்துகிறவர் போல விரல் ஒவ்வொரு வரியாக இறங்கியது. ஓரிடத்தில் நின்றது.

"அலட்சியத்தாலை அழிச்சுப்போட்டன் எண்டு எழுதியிருக்கிறியள்" என்றார். "அது அலட்சியமில்லையே அண்ணை."

உண்மை. ஐந்து முறை எழுதிக் கிழித்த கடிதத்திலும் அந்த ஒரு சொல்லின் பின்னால் ஒளிந்திருந்தேன். திருத்தித் தாரும் என்று பேனையை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. உங்கடை கடிதம், நீங்களே திருத்துங்கோ என்றார். அந்தச் சொல்லை வெட்டி, மேலே 'தெரிந்துகொண்டே' என்று எழுதிக் கையொப்பம் வைத்தேன்.

"பள்ளத்தைக் கண்டனீர்தானே. ஏன் அண்டைக்குச் சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

"ஆர் நம்புவினம்? நீங்கள் முப்பது வருசம், நான் ஒண்டரை வருசம்." கோப்பையைக் கையில் வைத்துச் சுற்றினார். "அதோடை உங்கடை முகத்தைப் பாத்தன். சொன்னால் அந்த இடத்திலேயே விழுந்திடுவியள் போலை இருந்தது. பிறகு புத்தளம் பஸ்ஸிலை வரேக்கை எனக்கே ஆத்திரம். பேனையாலை எழுதியிருக்கலாமெண்டு எத்தினை நாள் யோசிச்சனான் தெரியுமே?"

மன்னித்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. வளவை என்ன செய்தீர் என்று கேட்டபோது மனைவிதான் பதில் சொன்னார். ஓடுகள் இரண்டு மாரி மழையில் நனைந்தனவாம். பிறகு பக்கத்து வளவுக்காரருக்குக் கொடுத்துவிட்டார்களாம். வளவும் இப்போது அவர்களுடையதில்லை.

"கிணறு?" என்று கேட்டார் ரகீம், என்னைப் பார்த்து.

"தண்ணி நிக்குது" என்றேன். வருவதற்கு முதல் நாள் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன்.

தலையை ஆட்டினார். ஒருக்கால் வந்து பார்த்துவிட்டுப் போம் என்று கூப்பிட்டேன். பார்ப்போம் என்றார். இதுவரை வரவில்லை. வருவார் என்று நான் கணக்கு வைக்கவும் இல்லை. ஆனாலும் நண்பகல் புத்தளம் பக்கத்து பஸ் வரும் நேரம் நகரத்தில் நின்றால், இறங்குகிறவர்களைப் பார்க்காமல் என்னால் நகர முடிவதில்லை.

திருத்திய கடிதத்தை மறுபடியும் கந்தோருக்கு அனுப்பினேன். பதில் இல்லை. இளைய ஆசிரியர்களுக்கு நான் சொல்லக்கூடியது இரண்டுதான். மீள்பார்வையிலிருந்து வரும் உறையைத் திறந்து பாருங்கள். உங்களைவிட இளையவர் பிழை கண்டால், பேனையால் எழுதும்படி நீங்களே கேளுங்கள்.

திரும்பி வந்ததிலிருந்து வாரத்துக்கு ஒரு கணக்கு எழுதி, செய்து, படம் பிடித்து ரகீமுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி வருகிறேன். பார்த்ததற்கு அடையாளமாக இரண்டு நீலக் கோடுகள் விழும். பதில் வராது. அப்படிப் பதினொரு கணக்குகள் போயின.

பன்னிரண்டாவது √(12 + 4x − x²). உள்ளே இருப்பதை 16 − (x − 2)² என்று சரியாகவே எழுதினேன். கடைசி வரியில், வீச்சு பூச்சியத்திலிருந்து 16 வரை என்று முடித்துவிட்டேன். வர்க்கமூலம் எடுக்க மறந்துபோனேன். வேண்டுமென்று விட்ட பிழை அல்ல. வயது.

அடுத்த நாள் காலை, தேத்தண்ணி நேரத்தில் ஒரு படம் வந்தது. என் தாளை அவர் அச்செடுத்திருக்கிறார். 16-ஐக் குறுக்கே வெட்டி, பக்கத்தில் 4 என்று எழுதியிருந்தார். கேள்விக்குறி இல்லை. வேறு ஒரு சொல்லும் இல்லை.

சிவப்புப் பேனையால் எழுதியிருந்தார்.